காய்ந்தால் எரியாது

மே மாதம். ஓர்ஷேகின் ஈரப் புல்வெளியில்
பசுவின் வாயைப் பிளந்து பிடித்தபடி சில்வெஸ்தர்.
உள்ளுதடு முழுக்கக் கொப்புளம்.
எச்சில் நூல்நூலாக என் முழங்கைவரை இறங்குகிறது.
"உங்க பேர்தான் டாக்டர், இவளைச் சுட்டது"
என்கிறார், சிரிக்காமல்.

உண்மைதான்.
வேலிக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் மஞ்சள்.
புல் தலை தூக்கும் முன்பே வந்துவிட்ட பூ.
பசித்த மாடு வேறென்ன செய்யும்?

எங்கள் மொழியில் அது பொக்லார்க்கா.
நானும் பொக்லார்க்கா.
பிரபுக்களின் கச்சையில் பதித்த உலோகப் பொட்டு
பொக்லார்;
அதில் சின்னது நான்.
பெயர் பதியப் போன அப்பா
அனுமதித்த பெயர்களின் பட்டியலில்
இரண்டாம் எழுத்தைத் தாண்டவில்லை.
வெளியே வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தாராம்.

வாளியோடு நிற்கிறாள் வுவொக்கோ,
ஓவுலுவிலிருந்து ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தவள்.
"எங்க ஊரில் இதே பூவுக்கு லெய்னிக்கி.
லெய்னி என்றால் மூட்டுப் பிடிப்பு.
அதையும் பெண்ணுக்கு வைக்கிறார்கள்,
என் அத்தை மகள் ஒருத்தி."
உன் பெயர்?
"அதுவும் இந்தக் குடும்பம்தான்.
பனி உருகியதும் காட்டுத் தரையில் வரும் வெள்ளைப் பூ.
அதற்கு இதழே கிடையாது, தெரியுமா?
இதழ் மாதிரி இருப்பது புல்லி.
பள்ளிக்கூடத்தில் சொன்ன அன்று அழுதேன்."

கல்லூரியில் என் அறைத்தோழி நூரித்,
ஹைஃபாக்காரி.
அவள் பெயரும் இதே மஞ்சள்தான்,
ஆனால் அங்கே அதற்குள் இருப்பது நெருப்பு.
லத்தீன்காரர்களோ குனிந்து பார்த்து
குட்டித் தவளை என்றுவிட்டார்கள்.
நகை, மூட்டுவலி, தீ, தவளை.
ஒரே பூவின் முன்னால் நான்கு ஊர் நின்றிருக்கிறது.
பசு மட்டும் பெயர் வைக்காமல்
தின்று பார்த்திருக்கிறது.

"உழுது போட்டுடவா?" என்கிறார் சில்வெஸ்தர்.
வேண்டாம். அறுத்து வெயிலில் போடுங்கள்.
நன்றாகக் காய்ந்தால் விஷம் இறங்கிவிடும்.
குளிர்காலத்தில் வைக்கோலோடு வைக்கோலாகத் தின்னட்டும்,
ஒன்றும் ஆகாது.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.

போன அக்டோபர், சோம்பதெய் நீதிமன்றத்தில்
ஒரு எழுத்தர் வாசித்தார்:
மனுதாரர் பொக்லார்க்கா தெரேஸ்.
மரப்பலகை வாசிப்பது போல இருந்தது.
எங்கும் சுடவில்லை.
ஆகோஷ் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.
கையெழுத்திட்டோம். பேனா அவனுடையது.

ஆனால் நேற்று உறைபெட்டியின் அடியில்
ஒரு டப்பா, பனி மூடி, அவன் கையெழுத்தில்:
'பொகி, பட்டாணி சூப், உப்புக் குறைவு.'
இரண்டு குளிர்காலம் கடந்தும்
அங்கே வெயில் படவில்லை.
திரும்ப அதே இடத்தில் வைத்து மூடினேன்.
விரல் நுனி எரிந்தது.
பனிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வுவொக்கோ பசுவின் உதட்டில் மருந்து தடவுகிறாள்.
அது அவள் சட்டைக் கையை மென்று பார்க்கிறது.
இரண்டு நாள் பாலைக் கீழே ஊற்றுங்கள், கசக்கும்.
சரி என்கிறார்.
தொழுவத்தில் புதுக் கன்று ஒன்று;
காதில் மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை, பத்து இலக்கம்.
பெயர் என்ன?
"எங்களிடம் பெயர் வைக்கிற வழக்கமில்லை டாக்டர்.
பிறகு விற்க முடியாது."

வண்டிக் கதவைச் சாத்தும்போது
தொழுவத்துக்குள் அவர் குரல்
தாழ்ந்து, யாரையோ,
இரண்டெழுத்தில் கூப்பிடுகிறது.
வுவொக்கோ என்னைப் பார்க்கிறாள்.
நான் சாவியைத் திருகுகிறேன்.